கட்டைவிரலுக்குப் பின்னால்

இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜெசிந்தா மாடிப்படி ஏறினாள். பதினெட்டுப் படி, ஒன்பதாவது படியில் வழக்கம்போல வலது முழங்கால் ஒரு தடவை முனகியது, முனகட்டும், இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நின்று ஊரார் முழங்காலுக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் முழங்காலை அதட்டத் தெரியாதா, பேசாமல் வா என்றாள், வந்தது. மணி ஆறு இருபத்தைந்து. மொட்டைமாடிக் கதவைத் தள்ளியதும் தூத்துக்குடிக் காற்று உப்போடு வந்து உதட்டில் உட்கார்ந்தது, சூரியன் அப்போதுதான் விழுந்திருந்தது, மேற்கு முழுக்க மாம்பழத் தோல் நிறம். எதிர்வீட்டு மாடியில் கொத்தனார்கள் கைகால் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள், சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. நேற்று முழங்கால், இன்று இடுப்பு, நாளை தலைக்கு மேலே, அதற்கப்புறம் இந்த மாடிக்கு மேற்கு என்று ஒன்று கிடையாது. எதிர்வீட்டுக்காரர் மகளுக்காக மாடி எடுக்கிறார், எடுக்கட்டும், நல்ல மனிதர், பால் காய்ச்சும்போது கூப்பிடுவார், சிரித்த முகத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், என் புதன் கிரகத்தை மறைத்துவிட்டீர்களே என்று யாராவது போய்ச் சண்டை போட முடியுமா, மேற்கு என்ன அவள் பேருக்குப் பத்திரம் போட்ட இடமா. சுவருக்கு அந்தப்பக்கம் உப்பளம் பாத்தி பாத்தியாகக் கிடந்தது, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு ஆகாயம், நடுவில் செல்போன் டவர். அதற்கு வெகு மேலே, யாரும் கூப்பிடாமல், யாரும் தேடாமல், வெள்ளி வந்து நின்றுவிட்டது. வந்துட்டியா, என்றாள் ஜெசிந்தா சத்தமாகவே. வெள்ளியிடம் அவளுக்கு ஒரு சலுகை உண்டு, கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சித்தி மாதிரி அது, அதைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துபோகும், ஐம்பத்தி மூன்று வயசிலும் நெஞ்சு துள்ளுகிறது, என்ன வெட்கம், யாருக்கு வெட்கம், மாடியில் அவளையும் தண்ணீர்த் தொட்டியையும் தவிர யார் இருக்கிறார்கள். தலையை நிமிர்த்தினால் உச்சிக்குப் பக்கத்தில் வியாழன், கிழக்கே திரும்பினால் செவ்வாய் மெல்லிய செம்பு நிறத்தில். மூன்று பேரும் ஆஜர். சனி இப்போது சூரியனோடு ஒளிந்துகொண்டிருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது, அது லீவு சொல்லிவிட்டுப் போன ஆள். சொல்லாமல் கொள்ளாமல் ஏமாற்றுகிறது ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்றை நினைத்ததும் கண் தானாகக் கீழே இறங்கியது, டவர் பக்கம், அங்கே இன்னும் வெளிச்சம், ஒன்றும் தெரியாது, இன்னும் கால் மணி பொறுக்கவேண்டும். கால் மணி நேரம் சும்மா நின்றால் மனசு சும்மா இருக்குமா, அது நேராகப் போய் அந்த அட்டையில்தான் உட்காரும், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து கட்டம் போட்ட அட்டை, ஞாயிறையும் திங்களையும் பார்க்காத ஆளில்லை என்பதால் அதற்குக் கட்டமில்லை. இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்த பொன்னுலிங்கம் கல்லாவில் வைத்துவிட்டுப் போன அட்டை அது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பகலெல்லாம் உயரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆகாயப் பைத்தியம் பிடித்து, வான் பார்ப்போர் வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, தானே செயலாளர், தானே பொருளாளர். மேடம், வெறுங்கண்ணால பாக்கணும், பைனாகுலர் கூடாது, பாத்தவுடனே ஒரு டிக், அம்புட்டுதான், என்றார். அம்புட்டுதானா! வெள்ளிக்கு அன்றைக்கே டிக் போட்டாள். வியாழனுக்கு ஒரு வாரம். செவ்வாயை ஒரு விடிகாலை பால் வாங்கப் போகும்போது, சனியை மாதா கோயில் திருவிழாவில் தேர் நிற்கிற நேரத்தில், எல்லாரும் சப்பரத்தைப் பார்க்க இவள் மட்டும் அண்ணாந்து பார்க்க, பக்கத்தில் நின்ற நாத்தனார் இவளுக்கு என்னவோ தரிசனம் கிடைத்துவிட்டதென்று நினைத்துக் கும்பிட்டாளே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாலு டிக், புதனை மட்டும் மாடியில் தேடிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே மாசி மாசம், ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் வட்டத்தின் கூட்டம். மைக்கைப் பிடித்துக்கொண்டு பொன்னுலிங்கம், நம்ம ஜெசிந்தா மேடம் புதனும் பாத்தாச்சா, அஞ்சும் முடிச்சாச்சா, என்று கேட்க, இவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க, அதற்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இவள் புருஷன் கஸ்பார் இரண்டு கையையும் தூக்கிப் படபடவென்று தட்ட, அதைப் பார்த்து எல்லாரும் தட்ட, திறந்த வாயிலிருந்து ஆமா என்று வந்துவிட்டது. ஆமா! ஒரே ஒரு சொல். மறுநாள் பொய்யாக ஒரு டிக், அடுத்த மாசம் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, ஐந்து கோள் கண்ட ஜெசிந்தா கஸ்பார். அந்த டம்ளரைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாள், ஆனால் பரணில் இடம் ஏது, வயரிங் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பரணில் மனிதன் போடுகிற சாமானா கிடக்கிறது, எரிந்துபோன மோட்டார், செத்துப்போன மின்விசிறி, ஒரு சிவப்புக் கண்ணாடிக் குடுவை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்க என்று இவள் கத்துவதும் இருக்கட்டும் ஆகும் என்று அவர் சொல்வதும். ஆகவே டம்ளர் அடுக்களையிலேயே இருந்துவிட்டது, தினமும் சாயங்காலம் அவர் அதில்தான் டீ ஊற்றிக் கொண்டுவந்து தொட்டித் திண்டில் வைத்துவிட்டுப் போவார், அதில்தான், வேறு டம்ளரே இல்லாத வீடு மாதிரி. இவள் எடுக்கும்போதே கட்டைவிரலை அந்த எழுத்தின்மேல் வைத்து மூடிக்கொண்டுதான் குடிப்பாள். ஆறு வருஷத்து டீயில் ஒரு நாள் டீகூட நிம்மதியாக இறங்கினதில்லை.

சொல்லியிருக்கலாம். மறுநாளே பொன்னுலிங்கத்துக்கு போன் போட்டு, சார், ஒரு தப்பு நடந்துபோச்சு, என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அதற்கடுத்த நாள் கடையில் ஸ்டாக் எடுத்தார்கள், அதற்கடுத்த நாள் சொன்னால் ஏன் முந்தாநாளே சொல்லவில்லை என்று கேட்பார், இப்படியே நாள் கூடக் கூடச் சொல்ல வேண்டியதும் கூடிக்கொண்டே போய், இப்போது ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை, ஆறு வருஷத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நிற்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும், சாமி, புதனைப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னேன் என்றால் சாமியார் எந்தப் புதன் என்று கேட்பாரே, சாம்பல் புதனா என்று கேட்டாலும் கேட்பார், பின்னால் வேறு இருபது பேர் வரிசையில். சில்லறைப் பொய்கள் சொன்னேன் சாமி, என்று மொத்தமாகக் கட்டிப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். சில்லறைதான். யாருக்கு நஷ்டம். ஆனால் கடையில் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எல்லாம் வாசித்து மருந்து எடுக்கிறவள் அவள், சந்தேகம் வந்தால் ஒரு மாத்திரைகூட ஊகத்தில் எடுத்துக் கொடுத்ததில்லை, போன் போட்டுக் கேட்காமல் விட்டதில்லை, அப்படிப்பட்டவள் ஆகாயத்தில் மட்டும் வாசிக்காததை வாசித்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளே, அதுதான் உறுத்தல். பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் அந்த டிக் உண்மையாகிவிடும், தேதிதான் முன்னே பின்னே. அதற்காகத்தான் ஆறு வருஷமாக இந்தப் பதினெட்டுப் படி. உங்க மாடிக்கு அந்த டவரு பக்கமாத்தான் மேடம் இறங்கும், என்று பொன்னுலிங்கம் எப்போதோ சொன்னதை வைத்து டவருக்கு இடப்பக்கம் ஒரு முஷ்டி, வலப்பக்கம் ஒரு முஷ்டி, மேலே ஒரு முஷ்டி என்று கையை நீட்டி நீட்டி அளந்து தேடாத இடமில்லை. தேடவிடாமல் செய்தது அந்த டவர் விளக்குதான். பாழாய்ப்போன விளக்கு! வருஷமெல்லாம் அணைந்து கிடக்கும், கம்பெனிக்காரன் டீசலை மிச்சம் பிடிக்கிறான் போல. புதன் தெரியும் வாரம் இது என்று வட்டத்திலிருந்து செய்தி வந்தால் போதும், மூக்கு வியர்த்த மாதிரி அந்த வாரம் பார்த்து எரியும், டவர் உச்சிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில், நல்ல பளிச்சென்று. புதன் மங்கலானது, அகப்படுவது கஷ்டம், ஆயுசு முழுக்கத் தேடியும் பார்க்காதவர்கள் உண்டு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அவள் மனசில் ஒரு மணல் பருக்கை அளவுக்குத்தான் அதற்கு இடம்; அந்தப் பருக்கையைப் பிடிக்க வேண்டுமானால் விளக்கு கண்ணில் படக்கூடாது. அதனால் இடது கையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலை நேராக விளக்கின்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மற்ற ஆகாயத்தைச் சல்லடை போட்டுத் தேடுவாள்.

ஆறு ஐம்பது. மாம்பழ நிறம் வடிந்து கீழே ஒரு கோடாக நின்றது, உப்பளத்துப் பாத்திகள் ஒவ்வொன்றாக மங்கின, பகலில் கொதித்த தளத்தின் சூடு செருப்பில்லாத காலில் இதமாக ஏறியது, எங்கோ மீன் பொரிக்கிற வாசம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை கவுச்சி ஆகாதென்று யார் வீட்டிலோ முன்னாலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஒரு மேகம் இல்லை. இவ்வளவு சுத்தமான மேற்கை அவள் இந்த வருஷம் பார்த்ததே இல்லை. கடைசி நாள் என்று தெரிந்து குளித்து முழுகி வந்திருக்கிறது என்று நினைத்தாள், ஏன் அழுகை வருகிறது, பார்க்காவிட்டால் என்ன, வெள்ளி இருக்கிறது, வியாழன் இருக்கிறது, இந்தக் காற்று இருக்கிறது, இந்த அரை மணி நேரம் யாருக்குக் கிடைக்கும், ஆனாலும், ஆனாலும், அந்த டம்ளர். டவர் உச்சிக்கு மேலே அந்த விளக்கு எரிந்துவிட்டது. வந்துட்டான் பாவி, என்று கையை நீட்டிக் கட்டைவிரலால் மூடினாள்.

படியில் சத்தம். கஸ்பார் வந்தார், கையில் டம்ளர். நட்சத்திரத்தைப் பார்த்துப் பாலன் யேசுவைத் தேடிப்போன மூன்று ராஜாக்களில் ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதர், திண்டில் டீயை வைத்த கையோடு மோட்டாரைப் பார்க்கிறேன் என்று கீழே இறங்கிவிடுவதுதான் அவர் வழக்கம். இன்றைக்கு இறங்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன, மோட்டார் போடலையா?"

"போடலாம், அது எங்க போவுது. நாளைக்குச் செவரு எழும்பிரும்லா. இன்னைக்கு ஒரு நாளு நானும் நிக்கேன்."

ஜெசிந்தா நீட்டிய கையை இறக்காமலே, "நில்லுங்க, ஆனா ஒண்ணும் ஆவப்போறதில்ல. இந்த டவர் லைட்ட மட்டும் எவனாவது அணைச்சுத் தொலைச்சாம்னா தேவல. கண்ணக் கூசுது," என்றாள்.

"எந்த டவர் லைட்டு?"

"இந்தா, இந்த டவருலதான். உச்சியில எரியுதுல்லா."

கஸ்பார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏ ஜெசி, அந்த டவருல ஏது லைட்டு? இடி விழுந்து அது போயி எட்டு வருசமாச்சு. நாந்தான ஏறிக் கழட்டுனேன். கம்பெனிக்காரன் புதுசு தாரேன் தாரேன்னான், இன்னும் தாரான். அந்தச் செவப்புக் குடுவை நம்ம பரண்லதான கெடக்கு, நீகூட வருசா வருசம் சத்தம் போடுவியே."

கை அப்படியே நின்றது. நீட்டிய கை, நீட்டிய கட்டைவிரல், விரலுக்குப் பின்னால் என்ன. பரணில் கிடக்கிற விளக்கு டவரில் எரியாது. கழற்றிப்போட்ட விளக்கு வருஷத்தில் சில வாரம் மட்டும் போய் எரிந்துவிட்டு வராது. புதன் தெரியும் வாரம் பார்த்து எரியாது. கடவுளே, என்று அவளுக்கு உள்ளங்கால் கூசியது, விரலை எடுக்க பயமாக இருந்தது, எடுத்தால் அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டால், இல்லை இல்லை, எடுத்தால் அங்கே அது இருந்துவிட்டால், எடுடீ என்றாள் தனக்கு, எடுத்தாள். டவர் உச்சிக்கு மேலே விரலிடை தள்ளி நின்றது இப்போது உச்சியை உரசிக்கொண்டு நின்றது. இறங்கியிருக்கிறது! விளக்கு இறங்குமா, எந்த ஊர் விளக்கு இறங்கும், ஆறு வருஷமாக ஒரு தடவையாவது இரண்டு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் தெரிந்திருக்கும், மூடினாளே, தன் கையால் மூடினாளே, தேடின பொருள்மேலேயே விரலை வைத்துக்கொண்டு சுற்றிலும் தேடினாளே, இப்படியும் ஒரு கூமுட்டை உலகத்தில் உண்டா! சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, கண்ணீரும் அதோடு கிளம்பியது, இரண்டும் தொண்டையில் முட்டி எது முந்துவதென்று தெரியாமல் அவள் டவரைப் பார்த்துக் கையைக் கொட்டினாள். அதோ, மெல்ல, மெல்ல, டவரின் ஒரு கம்பிக்குப் பின்னால் போய் அணைந்து, அடுத்த இடைவெளியில் மறுபடி எரிந்தது. புதன். மங்கலாவது ஒன்றாவது, குத்துவிளக்குத் திரி மாதிரி எரிகிறது, கஷ்டம் கஷ்டம் என்று ஊர் சொன்னதை நம்பி, சுலபமாகக் கிடைத்ததை விளக்கென்று தள்ளியிருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கும். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் இங்கே நின்று பாழாய்ப்போன லைட்டு என்று திட்டிவிட்டுத்தானே இறங்கினாள், அப்படியானால் அன்றைக்கே பார்த்தாச்சு, ஆமா என்று சொன்னது பொய்யில்லையா, பொய்தான், தெரியாமல் சொன்ன உண்மை பொய்தான், ஆனாலும் உண்மை, பாவமா இல்லையா, எந்தச் சாமியாரிடம் இதைச் சொல்லி விளங்கவைப்பது, போகட்டும், போகட்டும், எல்லாம் போகட்டும், அது எரிகிறது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அந்த மாடியில், அந்த வெதுவெதுப்பில், புருஷன் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னளா ஆச்சு உனக்கு?"

"புதனுங்க! அதான் புதன்! லைட்டுன்னு நெனச்சேனே, அது புதன்!" மூச்சு வாங்கியது. வந்த வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. "என்னங்க, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கூட்டத்துல பாத்தேன்னு சொன்னேன்லா, பாக்கல. பொய்தான் சொன்னேன். நீங்க கை தட்டுனீய, அதுல ஆமான்னு வந்துட்டு."

கஸ்பார் டவரைப் பார்த்தபடியே, "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"பாத்தவ எதுக்குட்டி ஆறு வருசமா தேடுதா? நாந்தான கை தட்டிக் கெடுத்தேன், நானே எப்படிக் கேக்க? அதான் தெனமும் அந்த டம்ளர்லயே ஊத்திக் கொண்டாந்தேன். வேற டம்ளர்ல குடுத்தா நீ தேடுறத விட்டுருவ."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள். முப்பது வருஷமாக இந்த மனிதர் பரணில் எதைச் சேர்த்தாலும் கத்தியிருக்கிறாள். இனி அந்தச் சிவப்புக் குடுவையைத் துடைத்து வரவேற்பறையில் வைக்க வேண்டும். நாளைக்குப் பொன்னுலிங்கத்துக்கு போன் போட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சிரிப்பார், சிரிக்கட்டும், தேதியைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும்.

"எதுன்னு எனக்குச் சரியாக் காட்டு," என்றார் கஸ்பார், "கம்பிக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா?"

"அந்தப்பக்கம். விரல நீட்டாதீங்க, சும்மா பாருங்க."

பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "இதுக்கா இம்புட்டுப் பாடு," என்றார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எதிர்வீட்டு அரைச்சுவருக்கு மேலே, டவரின் கம்பிகளுக்கு நடுவே அது ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா திண்டிலிருந்து டம்ளரை எடுத்தாள். பழக்கத்தில் கட்டைவிரல் எழுத்தின்மேல் போய்விட்டது. விரலை நகர்த்தினாள், டம்ளரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெயர் வெளியே தெரியக் குடித்தாள். டீ ஆறிப்போயிருந்தது, சர்க்கரை கூடுதல், கடைசிச் சொட்டு வரை இறங்கியது.